அரைக்கோடு

பெட்டி வந்த நாள் காலையிலிருந்தே மழை. கொண்டுவந்தவர் வாசலில் நின்றபடி கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். பூச்சிக்காரர் அந்தப் பெட்டியை இரண்டு கைகளாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு, ஈரத்தரையில் அடிமேல் அடி வைத்து உள்ளே வந்தார். மகள் பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த நாளில்கூட இந்த மனுஷன் இவ்வளவு பதனமாக நடக்கவில்லை என்று தையல் டீச்சருக்குத் தோன்றியது. அவள் அதை மனசுக்குள் வைத்துக்கொள்ளவில்லை, சொல்லிவிட்டாள்.

"அவ வழுக்கினா அழுவா, சமாதானம் பண்ணிக்கலாம். இது கீழ விழுந்தா அவ்வளவுதான்," என்றார் அவர்.

ஒரு காலத்தில் வீட்டின் முன்னறையிலேயே போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தவர் அவர். பாஸ்போர்ட் படமும் கல்யாணப் படமும் எடுத்துத்தான் வயிறு வளர்த்தார். ஆனால் மனசு எப்போதும் பூச்சிகளிடம்தான். சன்னலோரம் செத்துக் கிடக்கும் ஈயைக்கூட ஊசிமுனையில் ஒட்டி வைத்துப் படம் பிடிப்பார். தெருக்காரர்கள் அவருடைய சொந்தப் பெயரை மறந்து வெகுகாலம் ஆகிறது. மனைவி பெண்கள் பள்ளியில் தையல் சொல்லிக்கொடுத்தவள். ஓய்வு பெற்று நான்கு வருடம் ஆகியும் எல்லாருக்கும் அவள் தையல் டீச்சர்தான். சந்தோஷமாக இருந்தால் புருஷனுக்கும் அவள் டீச்சர். கோபமென்றால் "இந்தா பாரு".

இவர்கள் பார்த்த வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஒரு குளவியின் கண்ணைச் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பெரிதாக்கிக் காட்ட வேண்டுமென்றால் ஒரே படத்தில் முடியாது. அவ்வளவு பெரிதாக்கும் லென்ஸுக்கு ஒரு நேரத்தில் தலைமயிரின் பருமனில் பத்தில் ஒரு பங்குதான் தெளிவாகத் தெரியும், மீதியெல்லாம் புகைமூட்டம். அதனால் கேமராவைத் துளி முன்னால் நகர்த்தி ஒரு படம், இன்னும் துளி நகர்த்தி இன்னொரு படம் என்று முன்னூறு எடுக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் தெளிவாக இருக்கிற பாகத்தை மட்டும் பொறுக்கி ஒரே படமாக அடுக்கிக் கொடுப்பது கம்ப்யூட்டரின் வேலை. கேமரா உட்கார்ந்திருக்கும் இரும்புத் தட்டுக்கு ஸ்டேஜ் என்று பெயர். அதை நகர்த்த ஒரு திருகு உண்டு. திருகின் தலையைச் சுற்றி ஐம்பது கோடுகள். ஒரு கோடு திருப்பினால் கேமரா பத்து மைக்ரான் நகரும், அதாவது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு.

பதினெட்டு வருடமாக அந்தத் திருகைத் திருப்பியவள் தையல் டீச்சர்.

அவர்கள் உட்காருவது காலை ஐந்தரை மணிக்கு. எட்டு மணிக்கு மேல் தெருவில் லாரிகள் ஓட ஆரம்பித்தால் மேசை அதிரும். அவர் நாற்காலியில் உட்கார்ந்து கேமராவில் கண்ணை வைத்துக்கொள்வார். அவள் பக்கத்தில் முக்காலி போட்டுக்கொண்டு, திருகின் தலையைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்துக்கொள்வாள். அவர் "ம்" என்பார். அவள் திருப்புவாள். ஆட்டம் அடங்க நான்கு மூச்சு பொறுப்பார்கள். அவர் படம் எடுப்பார். மறுபடியும் "ம்". தும்மக் கூடாது, நாற்காலி நகரக் கூடாது, பால்காரர் மணியடித்தால் எழுந்து போகக் கூடாது. குளவியின் தலை கடைசிவரைக்கும் வந்துவிட்டதென்றால் "போதும்" என்பார். எத்தனை படம் என்று எண்ணி நோட்டில் குறிப்பதும் அவள்தான்.

நேரம் தவறி ஏதாவது ஒரு லாரி வந்துவிட்டால் இருவரும் கையை எடுத்துவிட்டுக் காத்திருப்பார்கள். அந்த வீட்டின் பெரிய பேச்சுகள் எல்லாம் அப்படி லாரி போகும் நேரத்தில் பேசியவைதான். மகளை எந்தப் படிப்பில் சேர்ப்பது, கூரையை இந்த வருடம் மாற்றுவதா அடுத்த வருடமா, மாப்பிள்ளை பையனுக்கு முன்கோபம் உண்டா இல்லையா என்பதெல்லாம் இரண்டு லாரிக்கு நடுவில் முடிவானது. ஃப்ரிட்ஜில் பட்டாணிக்குப் பக்கத்திலேயே மாத்திரை டப்பாக்களில் குளவிகள் இருக்கும். பள்ளிக்கூட நாட்களில் மகள் தோழிகளுக்கு ஐஸ் எடுக்கப் போய் வண்டு டப்பாவைத் திறந்துவிட்டாள். அதற்குப் பிறகு ஒரு வருடம் அந்த வீட்டில் எந்தப் பிள்ளையும் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. இப்போது நினைத்தால் டீச்சருக்கு அந்த வருடங்கள் முழுக்க ஒரே காலைப்பொழுதாகத்தான் ஞாபகத்தில் இருக்கின்றன. விளக்குக்கு மறைப்பாக வைத்த காகிதக் கோப்பையின் வெளிச்சம், பக்கத்தில் அவருடைய சோப்பு வாசனை, ஆறிப்போன டீ. அதைவிட நல்ல காலம் தனக்கு வாய்த்ததில்லை என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அப்படி இருக்கையில் மியூசியத்திலிருந்து ஒரு வேலை வந்தது. குளவிகளைப் பற்றி ஒரு புத்தகம் போடுகிறார்கள், நாற்பது படம் வேண்டும் என்றார்கள். வாழ்நாள் முழுக்க அவர் காத்திருந்தது இப்படி ஒரு புத்தகத்துக்குத்தான். இருபத்தொன்பது முடிந்த நேரத்தில் டீச்சரின் கட்டைவிரல் வீங்கிவிட்டது. டாக்டர் விரலை இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்தார்.

"மூட்டு தேஞ்சுபோச்சும்மா. இனிமே எதையும் கிள்ளிப் பிடிக்காதீங்க. இப்படியே விட்டா ஊசில நூல் கோக்கக்கூட முடியாது."

பூச்சிக்காரர் ஒரு தடவை தானே திருப்பிப் பார்த்தார். கேமராவையும் பார்த்து, திருகையும் பார்த்து, ஆட்டம் அடங்காமல், பன்னிரண்டாவது படத்திலேயே கையை எடுத்துவிட்டார். அன்றைக்குத் தொடங்கி மூன்று வாரம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து மோட்டார் வைத்த ஸ்டேஜ் தேடினார்.

"புதுசு ஒரு ஸ்கூட்டர் விலை சொல்றான் டீச்சர். ஸ்கூட்டர்லயாவது ரெண்டு பேர் உக்காரலாம்."

"பழசு கிடைக்காதா?"

"கிடைக்குது. ஒருத்தன் ஆன்லைன்ல விக்கறான். மூடிப்போன ஃபேக்டரி மெஷின்ல இருந்து கழட்டி, சுத்தம் பண்ணி, மோட்டார் மாட்டித் தர்றானாம். பாதிக்கும் பாதி விலை. ஏழு நாளுக்குள்ள பிடிக்கலைன்னா திருப்பி அனுப்பிக்கலாமாம்."

மகளிடம் போனில் யோசனை கேட்டார்கள்.

"அப்பா, படத்த மட்டும் பாத்து மயங்கிடாதீங்க. வாரண்டி இருக்கான்னு கேளுங்க."

"உங்கம்மாவக்கூடப் படத்தப் பாத்துதான் கட்டிக்கிட்டேன்."

"அப்ப வாரண்டி கேட்டீங்களா?"

"கேட்டிருந்தா உங்க தாத்தா பொண்ணே குடுத்திருக்க மாட்டாரு," என்றாள் டீச்சர். போனின் இரண்டு பக்கமும் சிரித்தார்கள்.

இப்படி வந்து சேர்ந்ததுதான் அந்தப் பெட்டி. பிரித்ததும் செங்கல் அளவில் ஓர் இரும்புத் துண்டு, அதன் பின்னால் மோட்டார், ஒரு வயர், எண்களைத் தட்டுவதற்கு உள்ளங்கை அளவில் ஒரு சின்னப் பெட்டி. பழைய திருகைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இதைப் பொருத்த ஒரு நாள் முழுக்க ஆனது. அன்றைக்கு மத்தியானம் வேகவைத்த உருளைக்கிழங்கை நின்றபடியே தின்றுவிட்டு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் காலை ஊசிமுனையில் ஒரு நீலக் குளவி ஏறியது. ஒற்றைமயிர்த் தூரிகையால் அதன் முகத்துத் தூசியைத் துடைத்தார்.

"ஒரு படத்துக்கு எவ்வளவு நகரணும்னு கேக்குது பாரு. நமக்கு ஒரு கோடு. அப்படின்னா பத்து மைக்ரான்." பத்து என்று தட்டினார்.

டீச்சர் முக்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தாள். அந்தப் பத்தைப் பார்த்ததும் திருகு இருந்த இடத்துக்கு அவள் கை போய்த் திரும்பியது.

மோட்டார் ஒரு ஈயைப்போல முனகியது. கேமரா தானாகவே படம் எடுத்தது. இருவரும் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்கள். அரைமணிகூட ஆகவில்லை, வேலை முடிந்துவிட்டது.

"பாத்தியா! நீ திருப்பினா முன்னூறு படம் ஆகும். இது நூத்தம்பதுலயே முடிச்சிட்டுது. உன் கையில ஸ்க்ரூ வழுக்குதுன்னு நான் அப்பவே சொல்லலை?"

ஏன் முன்னூறு ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அந்த வீட்டில் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

பதினெட்டு வருடத்துக்கு முன்னால், இந்தப் பெரிய லென்ஸை வாங்கிய புதிதில், அவர் ஏதோ அட்டவணையைப் பார்த்து இரண்டு நாள் கணக்குப் போட்டு, "ஒரு கோடு. அதுக்கு மேலயும் வேணாம், கீழயும் வேணாம்" என்று முடிவு செய்தார். நோட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதி அடிக்கோடும் போட்டார். முதலில் எடுத்த தும்பியின் கண் முழுக்க வரிவரியாக மங்கல். மேசை ஆடுகிறது என்றார். சைக்கிள் கடையிலிருந்து ரப்பர் வாங்கிவந்து நாலு காலுக்கும் வைத்தார். ஆனால் டீச்சருக்கு மேசைமேல் சந்தேகம் வரவில்லை. தையல் அகலமாக விழுந்தால் துணி நடுவில் வாய் பிளக்கும், அது முதல் வருடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அடுத்த தும்பிக்கு அவர் "ம்" என்றபோது அவள் அரைக்கோடுதான் திருப்பினாள். படம் கண்ணாடிபோல வந்தது. "ரப்பர் வச்சதும் எப்படி வந்துது பாரு!" என்று அவர் குதித்தார். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டாள். அந்த நாளை இன்றுவரை வரவில்லை.

நீலக் குளவியின் படம் அடுக்கி முடிந்தது. கண் முழுக்க வரி, யாரோ சீப்பால் வாரிவிட்ட மாதிரி.

அதற்கப்புறம் நான்கு நாள் அந்த வீடு வீடாக இல்லை. போல்ட்டை இறுக்கினார், தளர்த்தினார். மேசைக்கு ரப்பரை மாற்றினார். மழைக்காற்றில் சன்னல் அதிர்கிறது என்று துணி அடைத்தார். ஒவ்வொரு தடவையும் வரி விழுந்தது. ஐந்தாம் நாள் விற்றவனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். டீச்சர் சமையலறையில் ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தாள்.

"சார், நூறு பேருக்கு மேல வித்திருக்கேன், ஒரு குறை வந்ததில்ல," என்றது போனில் குரல். "ஒருவாட்டி அளவக் குறைச்சுப் போட்டுப் பாருங்களேன்."

"தம்பி, நீ எனக்குச் சொல்லித் தராத. பதினெட்டு வருஷமா ஒரு கோட்டுலதான் எடுக்கறேன். ஒரு வரி விழுந்ததில்ல. உன் சரக்கு ஓட்டை. ஓட்டைய என் தலையில கட்டப் பாக்கறியா?"

"சார், அப்படிப் பேசாதீங்க சார். நானும் பிள்ளகுட்டிக்காரன்."

"திருப்பி அனுப்பறேன். பணத்த எடுத்து வை."

ரொட்டி கோணலாக வெட்டுப்பட்டது. பாவம், முகம் தெரியாத அந்தப் பையன் திட்டு வாங்குகிறான். திட்டு தனக்கு வர வேண்டியது. ஆனால் எப்படிச் சொல்வது? பதினெட்டு வருடத்துப் பெருமையை, "இல்லைங்க, அது நீங்க இல்லை" என்று ஒரு வாயில் எப்படிக் கொட்டிக் கவிழ்ப்பது? அவர் வேறெதிலும் பெரிதாக ஜெயித்தவர் இல்லை. ஸ்டூடியோ மூடியபோதும் அவரை நிமிர்ந்து நடக்க வைத்தது இந்தப் பூச்சிகள்தான். சொல்லாமலே இருந்துவிட்டால், மெஷின் திரும்பிப் போகும், அவள் மறுபடி முக்காலியில் உட்காருவாள். மீதி பதினோரு குளவி. ஒவ்வொன்றுக்கும் முன்னூறு திருப்பு. விரல் போனால் போகட்டும் என்றுகூட அவள் ஒரு நிமிடம் நினைத்தாள்.

ஆறாம் நாள் மழை விட்டது. பூச்சிக்காரர் ஸ்டேஜைக் கழற்றித் துடைத்து, வந்த பெட்டியிலேயே வைத்தார். ஒட்டுவதற்கு டேப் தேடினார். டீச்சர் எடுத்துக்கொண்டு வந்து நீட்டினாள். அவர் டேப்பை வாங்கவில்லை. அவளுடைய கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் திருப்பறேன்," என்றாள் அவள். "தினம் ஒண்ணு எடுத்தா பதினோரு நாள். மாத்திரை இருக்கு."

"வேணாம்."

"பதினோரு நாள்தானே?"

"வேணாம்னு சொல்றேன்ல. மியூசியத்துக்கு எழுதிட்டேன், காலையிலயே. வேற ஆளப் பாத்துக்கங்கன்னு." அவர் பெட்டியின் மூடியை அழுத்திச் சாத்தினார். "இன்னும் அனுப்பல. இந்தப் பெட்டிய அனுப்பிட்டு அதயும் அனுப்பிடறேன். இத்தனை வருஷம் எனக்காக உக்காந்த. உன் விரல எடுத்து நான் ஒரு புஸ்தகத்துக்குள்ள வச்சுக்கணுமா?"

டீச்சருக்குக் கண் நிறைந்துவிட்டது. வாழ்நாளெல்லாம் காத்திருந்த புத்தகத்தை இந்த மனுஷன் ஒரு விரலுக்காகத் தூக்கிப் போடுகிறார். அதற்கு மேல் அவளால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

"என்னங்க, பெட்டிய ஒட்டாதீங்க. அஞ்சு போட்டுப் பாருங்க."

"எதுக்கு அஞ்சு?"

"நான் அரைக்கோடுதான் திருப்புவேன்."

"எப்ப?"

"எப்பவும்."

அவர் அவளைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். பிறகு எழுந்து உள்ளறைக்குப் போனார். அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது, எதையோ இழுக்கும் சத்தம் கேட்டது. அவ்வளவுதான், உடைத்துவிட்டோம் என்று டீச்சர் டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். திரும்பி வந்தபோது அவர் கையில் அச்சுப்போட்ட பழைய படங்கள் ஒரு கட்டு இருந்தது. மேசைமேல் வைத்து, மேலே இருந்ததை எடுத்துக் காட்டினார். ஒரு தும்பி.

"இது?"

"அரை."

"இந்தத் தேனீ?"

"அரைதான்."

"இந்தச் சிலந்தி? எட்டுக் கண்ணும் தெரியுதுன்னு எல்லாரும் வந்து பாத்துட்டுப் போனாங்களே. பேப்பர்ல போட்டாங்களே."

"அதுல கண்ணுகிட்ட மட்டும் கால் கோடு. உங்களுக்குக் கழுத்து வலிக்குதுன்னு மிச்சத்த வேகமா முடிச்சேன்."

அவர் முகம் சிறுத்துக்கொண்டே வந்தது. ஒவ்வொன்றாகக் காட்டினார், ஒவ்வொன்றுக்கும் அவள் சொன்னாள். பொய் சொல்லித் தேற்றலாம் என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் இவ்வளவு தூரம் வந்த பிறகு எதற்குப் பொய்? அடியிலிருந்து ஒரு பச்சை வண்டை எடுத்தார். அதன் முதுகு முழுக்க வரி.

"இது மட்டும் ஏன் இப்படி? பத்திரிகைக்காரங்க திருப்பி அனுப்பிட்டாங்களே. லென்ஸ்ல ஈரம் ஏறிடுச்சுன்னு நான் ஒரு வாரம் அரிசி டப்பாவுல பொதைச்சு வச்சேனே."

டீச்சர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அன்னைக்கு எனக்கு உங்க மேல கோபம். நீங்க சொன்னபடியே திருப்பினேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துக் கிட்டப் போனாள். அழவும்தான் செய்தார், ஆனால் பாதிக்கு மேல் சிரிப்பு. சிரிப்பு அடங்காமல் மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"சொல்லியிருக்கலாமே டீச்சர்."

"மொத நாளே சொல்லியிருக்கணும். நீங்க அத்தனை சந்தோஷமா இருந்தீங்க. சரி, மறுநாள் சொல்லலாம்னு பாத்தா மறுநாளும் சந்தோஷமா இருந்தீங்க."

"பதினெட்டு வருஷமாவா சந்தோஷமா இருந்தேன்?"

"காலைல அஞ்சரைல இருந்து எட்டு வரைக்கும் இருந்தீங்க."

அவர் அந்த வண்டைக் கட்டின் மேலேயே வைத்தார். பிறகு போனை எடுத்தார். "தம்பி, நான்தான். திட்டினவன். மெஷின்ல ஒரு கோளாறும் இல்ல. மன்னிச்சுடு," என்றார். மறுமுனையில் அவன் காரணம் கேட்டிருப்பான் போல. "காரணம் இங்க பக்கத்துலதான் நிக்குது. உன் மெஷினவிட நல்லா திருப்பற ஆளு," என்று வைத்துவிட்டார்.

ஸ்டேஜ் மறுபடி மேசையேறியது. நீலக் குளவியும் ஊசியோடு வந்து நின்றது. அவர் எண்களைத் தட்டும் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு, வழக்கமான தன் நாற்காலியில் உட்காரப் போனவர், நின்றார். நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார்.

"நீ உக்காரு. கேமராவுல பாத்துச் சொல்லு. எவ்வளவு போடட்டும்?"

அத்தனை வருடத்தில் அந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்ததே இல்லை. உட்கார்ந்ததும் அவளுக்கு உயரம் சரியாக இல்லை, முன்னால் குனிந்து கண்ணை வைத்தாள். உள்ளே குளவியின் கண், நீலமும் பச்சையுமாக, அறைகள் அறைகளாக, எங்கேயோ முடிவில்லாமல் போய்க்கொண்டிருந்தது. கைகள் மடியில் சும்மா கிடந்தன. எப்போதும் அவர் பார்ப்பார், அவள் திருப்புவாள். தான் திருப்பியது எல்லாம் இதற்குள்தான் நடந்தது என்பதை இப்போதுதான் முழுசாகப் பார்க்கிறாள்.

"கண்ணு முடியற வரைக்கும் நாலு போடுங்க," என்றாள்.

"நாலா? அரைக்கோடுன்னா அஞ்சு."

"அஞ்சு, உங்களுக்குப் பொறுமை இருக்காதேன்னு திருப்பினது. எனக்குன்னு எடுத்தா நாலுதான்."

முக்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, பூச்சிக்காரர் மறுபேச்சில்லாமல் நாலு என்று தட்டினார்.